டிக்கெட் இருந்தால்தான் சர்க்கஸா?

இன்னைக்கு எபிசோடை ஒரு பட்டியல்ல இருந்து ஆரம்பிக்கலாம். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், காளை.

முதல் அஞ்சும் ஒரே கூட்டம்னு பார்த்ததுமே தெரியும். ஆறாவதா நிற்கிற காளை மட்டும் எங்கேயோ வழி தவறி வந்து வரிசையில் சேர்ந்துக்கிட்ட மாதிரி இருக்கு, இல்லையா? இது மத்திய அரசு 2011 ஜூலை 11 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் உள்ள பட்டியல். இந்த விலங்குகளை வித்தை காட்டப் பழக்கக் கூடாது, காட்சிக்கு நிறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். 2017 ஜனவரியில் மெரினா மணல்ல செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு தலைமுறையே உட்கார்ந்திருந்ததே, அதுக்குப் பின்னாடி இருந்தது இந்தப் பட்டியலின் கடைசிச் சொல்தான்.

காளையைப் பத்தி நாம நிறையப் பேசிட்டோம். அதுக்கு முன்னாடி நிற்கிற அஞ்சு பேரும் அங்கே எப்படி வந்தாங்க? சர்க்கஸ் கூடாரத்துல இருந்து வந்தாங்க. ஆக, ஜல்லிக்கட்டின் சட்ட வரலாறு வாடிவாசல்ல தொடங்கல, சர்க்கஸ்ல தொடங்குது. இன்னைக்கு அந்தக் கதை.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. வேடிக்கை பார்க்கப் பஞ்சமே இல்லாத ஊர். கார்த்திகை தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வரும். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போனால் வழியில் பூம்பூம் மாடு தலையாட்டும். கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்கும். கோயிலுக்குள் யானை இருந்தது. இதுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. கையில் இருக்கிற காசைப் போடலாம், போடாமலும் நகர்ந்து போகலாம். டிக்கெட் கவுன்ட்டர்னு ஒண்ணு முளைப்பது சர்க்கஸ் வந்தால்தான்.

தொண்ணூறுகளில் எங்க ஊருக்குக் கூடாரம் வந்தா முதல்ல தெரிவது வெளிச்சம். ராத்திரி ஏழு மணிக்கு மேல சர்ச்லைட் சுழல ஆரம்பிக்கும். மத்த ஊர்ல அது வானத்துல கரைஞ்சு போகும். எங்க ஊர்ல மலை மேல விழுந்து, பாறையைத் தடவிக்கிட்டே நகரும். காத்து நம்ம பக்கம் திரும்பினா சிங்கம் உறுமுவது கேட்கும். “சர்க்கஸ் வந்திருக்கு, தெருநாய் குறையும் பாரு” என்று தெருவில் ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். தமிழ்நாட்டுல எல்லாத் தெருவிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்திருப்பார் போல. நான் கேட்டவங்க எல்லாரும் அதே வசனத்தைத்தான் சொல்றாங்க.

இந்த டிக்கெட் விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. சட்டத்துக்கு வரும்போது தேவைப்படும்.

கயிற்றில் நடப்பது நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையிலேயே கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்காகக் கொட்டும் பறை உவமையாக வருகிறது. ஆனால் நாம் சர்க்கஸ் என்று சொல்லும் அமைப்பு 1768இல் லண்டனில் தொடங்கியது. பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், ஓடும் குதிரையின் முதுகில் நின்று காட்ட வட்டமான களம்தான் சரி என்று கண்டுகொண்டார். குதிரை வட்டமடிக்கும்போது உடம்பு உள்பக்கம் சாய்ந்து நிலைகொள்ளும். களத்தின் குறுக்களவு 42 அடி என்று நிலைத்தது. இன்னைக்கும் உலகம் முழுக்க அதே அளவுதான். சிங்கமும் புலியும் யானையும் பின்னால் வந்து சேர்ந்தவை. சர்க்கஸுக்கு முதல் விலங்கு குதிரை.

இந்தியாவுக்கு வந்ததும் குதிரை மேல்தான். இத்தாலிக்காரர் ஜுசெப்பே கியாரினியின் ராயல் இத்தாலியன் சர்க்கஸ் 1879 வாக்கில் பம்பாயில் முகாமிட்டது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் விஷ்ணுபந்த் சத்ரே. மராத்திய சமஸ்தானம் ஒன்றில் குதிரைகளைப் பழக்கியவர். இந்தியர்களால் இதெல்லாம் முடியாது என்று கியாரினி சொன்னதாகவும், சத்ரே அதைச் சவாலாக எடுத்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. சர்க்கஸ் முதலாளிகள் சொல்லும் கதையில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பது நல்லது. ஆனால் 1880 மார்ச் 20 அன்று சத்ரேயின் கிரேட் இந்தியன் சர்க்கஸ் பம்பாயில் முதல் காட்சி நடத்தியது உண்மை.

சத்ரே தெற்கே சுற்றி வந்தபோது தலச்சேரியில் ஒருவரைச் சந்தித்தார். கீலேரி குஞ்ஞிக்கண்ணன். களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றுக்கொடுத்த ஆசிரியர். சத்ரேயிடம் குதிரை இருந்தது, வித்தை தெரிந்த உடம்புகள் போதவில்லை. குஞ்ஞிக்கண்ணனிடம் பயிற்சி பெற்ற பையன்கள் இருந்தார்கள், மேடை இல்லை. 1901இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் அவர் ஒரு சர்க்கஸ் பள்ளியே தொடங்கினார். அதுக்கப்புறம் இந்தியாவில் எந்தக் கூடாரத்துக்குப் போனாலும், மேலே பாரில் தொங்குபவர் மலையாளத்தில்தான் பேசினார். ஏழைக் குடும்பத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அது சம்பளம் தரும் வேலை. ஊர் ஊராகப் போய், சொந்தக் காசை வீட்டுக்கு அனுப்பிய பெண்கள் அந்தக் காலத்தில் வேறு எத்தனை தொழிலில் இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

வங்காளத்தில் இன்னொரு கிளை. பிரியநாத் போஸின் கிரேட் பெங்கால் சர்க்கஸில் சுஷீலா சுந்தரி என்ற பெண் புலிக் கூண்டுக்குள் வெறுங்கையோடு போவார். பிரிட்டிஷ்காரர்கள் வங்காளிகளைக் கோழைகள் என்று ஏளனம் செய்துகொண்டிருந்த காலம். அதனால் அந்தக் காட்சிக்கு விழுந்த கைதட்டலில் அரசியலும் இருந்தது. பின்னாளில் ஒரு புலி தாக்கி அவர் படுகாயம் அடைந்தார், மேடை வாழ்க்கை அதோடு முடிந்தது. புலியோட பக்கத்துக் கதையை அப்போ யாரும் கேட்கல. காட்டைச் சுற்றி வளைத்துப் புலி சுடுவது ராஜாக்களின் கௌரவமாக இருந்த நாட்டில், கூண்டுப் புலிக்காக யார் அழுவாங்க?

தமிழ்நாட்டுக்காரங்க நாம சர்க்கஸ் கம்பெனி நடத்தியதை விட, சர்க்கஸைப் படமாக எடுத்ததுதான் அதிகம். 1948இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’ முரசு நடனத்துக்குப் பேர் போனது. ஆனால் கதையில் பெரிய பகுதி சர்க்கஸில் நடக்கிறது. அதுக்காக கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் வாடகைக்குப் பிடித்தார்கள். 1966இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பறக்கும் பாவை’ சர்க்கஸ் கதை. 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்பு சர்க்கஸ்காரன். கூடாரத்துக்குள்ள போகாதவங்களுக்குக் கூட சர்க்கஸ் தெரிஞ்சது இப்படித்தான். வாசனோட ஜெமினி ஸ்டுடியோ வேற, ஜெமினி சர்க்கஸ் வேற. அதைத் தொடங்கியவர் எம்.வி. சங்கரன், குஞ்ஞிக்கண்ணனிடம் படித்தவர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பார் ஆட்டக்காரர் ஆனவர். நலிந்துபோன விஜயா சர்க்கஸை வாங்கி, தன் ராசியான மிதுனத்தின் பெயரை வைத்து, 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் முதல் காட்சி நடத்தினார். ராஜ் கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்தில் வருவது அந்த சர்க்கஸ்தான்.

இவ்வளவு தூரம் மனுஷங்க கதை. விலங்குக்கு வருவோம்.

பெரும்பாலான கூடாரங்களில் ஒரு நாளைக்கு மூணு ஷோ. பகல் ஒரு மணி, நாலு மணி, ஏழு மணி. சிங்கம் களத்துக்குள் இருப்பது ஒவ்வொரு ஷோவிலும் சில நிமிஷம். மீதி நேரம் முழுக்க, திரும்பிப் படுக்க மட்டும் இடம் இருக்கும் கூண்டு. ஊர் மாறும்போது அந்தக் கூண்டே லாரியில் ஏறும். நெருப்பு வளையத்துக்குள் எந்தப் புலியும் ஆசைப்பட்டுப் பாய்வதில்லை. நெருப்பைக் கண்டு ஓடுகிற பிராணி அதுக்குள்ள பாயணும்னா, நெருப்பை விடப் பெரிய பயம் ஒண்ணு பின்னாடி நிற்கணும். ரிங் மாஸ்டர் கையில் இருந்த சாட்டை வெறும் அலங்காரம் இல்லை.

இதைச் சட்டமாக்க முதலில் பாடுபட்டவர் நம்ம சென்னைக்காரர். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியம்னா உடனே ஞாபகம் வர்ற அதே ருக்மிணி தேவி. 1952இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானதும், விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அத்தியாயம் வித்தை காட்டும் விலங்குகளைப் பற்றியது. 22ஆவது பிரிவு ரெண்டு விஷயம் சொல்லுது. பதிவு செய்யாமல் எந்த விலங்கையும் வித்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதோடு, எந்தெந்த விலங்கை வித்தைக்கே பயன்படுத்தக் கூடாதுன்னு மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிடலாம். மீறினால் அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம், அல்லது மூணு மாசச் சிறை, அல்லது ரெண்டும்.

அதுக்கு முந்தின 21ஆவது பிரிவைத்தான் யாரும் கவனிக்கிறதில்ல. காட்சிக்கு வைப்பதுன்னா என்ன? டிக்கெட் விற்று மக்களை உள்ளே அனுமதிக்கும் கேளிக்கையில் காட்டுவது. சட்டத்தின் விளக்கமே அதுதான். டிக்கெட் இருந்தால்தான் காட்சி. ஆக, நாடாளுமன்றம் மிருகத்தைப் பாதுகாக்க எழுதிய அத்தியாயத்தில் மிருகத்தின் வலி எல்லைக்கோடு இல்லை, டிக்கெட் கவுன்ட்டர்தான் எல்லைக்கோடு. ராணுவம், போலீஸ் பயிற்சிக்கும் உயிரியல் பூங்காக்களுக்கும் விலக்கு உண்டு. மத முறைப்படி பலி கொடுப்பதற்கும் அதே சட்டத்தின் 28ஆவது பிரிவில் விலக்கு உண்டு. 

சட்டம் வந்தாலும் முப்பது வருஷம் பட்டியல் வரவில்லை. 1991 மார்ச்சில் முதல் அறிவிக்கை: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய். சர்க்கஸ் முதலாளிகளின் கூட்டமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுபரிசீலனைக்குப் பிறகு 1998 அக்டோபர் 14 அன்று புதிய பட்டியல் வந்தது. நாய் வெளியே, சிங்கம் உள்ளே. முதலாளிகள் மறுபடியும் வழக்கு போட்டார்கள், இந்த முறை கேரள உயர் நீதிமன்றத்தில். தொழில் செய்வது எங்கள் அடிப்படை உரிமை என்றார்கள். கொடுமையை நம்பி நடக்கும் தொழிலுக்கு அந்த உரிமை கிடையாது என்று 2000 ஜூன் மாதம் தீர்ப்பானது. மனிதர்களுக்கு உள்ளது போல விலங்குகளுக்கு ஏன் உரிமை இருக்கக் கூடாது என்று நீதிபதிகள் எழுப்பிய கேள்வியை இன்னைக்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்தச் சிங்கங்களும் புலிகளும் எங்கே போச்சு? காட்டுக்குப் போகல. கூண்டில் பிறந்த பிராணிக்கு வேட்டை தெரியாது. போதாததற்கு, சர்க்கஸ் சிங்கங்களில் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் கிர் சிங்கமும் கலந்து பிறந்தவை. அவற்றை எந்தக் காட்டிலும் விட முடியாது. அதனால் வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா போன்ற இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தார்கள். இனப்பெருக்கம் செய்ய விடாமல், இருக்கும் ஆயுளை நிம்மதியாகக் கழிக்க விடுவது என்று முடிவு. நீங்க பள்ளிச் சுற்றுலா போன வண்டலூரிலேயே, அந்தப் பக்கம் எங்கேயோ, ஒரு காலத்தில் சர்ச்லைட்டுக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்த சிங்கம் வயசாகிப் படுத்திருந்தது.

யானையும் குதிரையும் ஒட்டகமும் அந்தப் பட்டியலில் இல்லாததால் கூடாரத்தில் நீடித்தன. வனவிலங்குச் சட்டப்படி சர்க்கஸும் ஒரு உயிரியல் பூங்கா மாதிரிதான், அதுக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். 2010களில் ஆணையம் சர்க்கஸ்களின் அங்கீகாரத்தை ஒவ்வொன்றாக எடுத்ததும் யானையும் கிளம்பியது.

இந்தத் தடை சரின்னுதான் நான் நினைக்கிறேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. என் பிரச்சினை வேற. 2018 மார்ச்சில் எங்க ஊர் அருணாசலேஸ்வரர் கோயில் யானை ருக்கு செத்துப்போச்சு. ராத்திரி நாய்கள் துரத்த, மிரண்டு ஓடி இரும்புக் கம்பிகளில் மோதி விழுந்தது என்று செய்திகள் சொன்னன. முப்பது வயசு யானைக்கு ஒரு வயசே இல்ல. ஊரே அழுதது, நானும் அழுதேன். அது பொய்யான அழுகை இல்லை. காசை வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தும்பிக்கையைத் தலையில் வைக்கும் யானையிடம் ஆசீர்வாதம் வாங்காத குழந்தை எங்க ஊரில் இருக்காது. ஆனால் கூட்டத்தைப் பிரிந்து, கல்தரையில் நின்று, நாணயம் வாங்கப் பழக்கப்பட்ட ஒரு காட்டு விலங்கு அது. கூடாரத்தில் ஸ்டூல் மேல் நின்ற யானைக்கும் அதுக்கும் சட்டம் பார்க்கிற முதல் வித்தியாசம் டிக்கெட். நாம பார்க்கிற வித்தியாசம் சாமி. யானை என்ன வித்தியாசம் பார்க்கும்?

சாமி, சாதி, ஊர், ஓட்டு எதுவும் பின்னால் இல்லாதது சர்க்கஸ். அது எந்த ஊருக்கும் சொந்தமில்லை, பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விடும். அதனால் அதன் மேல் சட்டம் பாய்ந்தபோது எந்தக் கடற்கரையும் நிரம்பவில்லை. கூடாரத்தில் கூட்டம் குறைந்தது, சம்பளம் குறைந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பார் ஆட்டக்காரர்களுக்கும் ஜோக்கர்களுக்கும் வேறு வேலை யாரும் யோசிக்கவில்லை. சிங்கத்துக்கு மறுவாழ்வு மையம் கட்டிய அரசு, சிங்கத்தின் கூண்டைக் கழுவியவருக்கு ஒன்றும் கட்டவில்லை. கேரளம் மட்டும் தன் ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கிறது.

அதே சமயம் சர்க்கஸ்காரர்களைத் தியாகிகளாக்கவும் எனக்கு மனசு வரலை. விலங்குகள் போன இடத்தை நிரப்பியவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நேபாளத்திலிருந்து ஏழைக் குடும்பங்களின் பெண் குழந்தைகளை, வருஷக் கணக்கில் ஒப்பந்தம் எழுதி வாங்கிவந்த கூடாரங்கள் இருந்தன. ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பார்த்தீங்களா, புலிக்குத் தடை வந்து பத்து வருஷம் கழிச்சுத்தான் குழந்தைக்கு.

அது நடந்து மூணே மாசத்தில், அதே 2011 ஜூலையில், சர்க்கஸுக்காக எழுதிய பட்டியலில் காளை சேர்க்கப்பட்டது. ஜல்லிக்கட்டுக்கு யார் டிக்கெட் விற்கிறாங்க என்ற வாதமும் அப்போ எழாமல் இல்லை. ஆனால் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் டிக்கெட் கவுன்ட்டரில் நிற்கவில்லை. காளையின் உடற்கூறு ஓடுவதற்கோ அடக்கப்படுவதற்கோ ஏற்றதல்ல, அதுக்கு வலியும் பயமும் உண்டு என்ற திசையில் போய்த் தடை விதித்தது. கேரள நீதிமன்றம் சர்க்கஸ் சிங்கத்துக்குப் பேசிய அதே மொழி. இந்தத் தடவை எதிரில் நின்றது கூடாரம் போட்ட முதலாளி இல்லை, ஒரு மாநிலம். 2017 ஜனவரியில் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது.

அந்தத் திருத்தம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பு சொன்னது. அதுக்கு 25 நாள் முன்னாடி, ஏப்ரல் 23 அன்று, ஜெமினி சங்கரன் கண்ணூரில் காலமானார். வயது நூறை நெருங்கியிருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் பத்தரை அடி உயர யானை ஒன்றை முறைப்படி நடைக்கிருத்தினார்கள். பெயர் ராமன். காதை ஆட்டும், தும்பிக்கையைத் தூக்கும், உள்ளே இருப்பது மோட்டார். வாங்கிக் கொடுத்தது, ஆமாங்க, நீங்க மெரினாவில் திட்டித் தீர்த்த அதே பீட்டா. தரிசனத்துக்கு டிக்கெட் இல்லை.

கழைக்கூத்தாடிகளைப் பத்தி இன்னைக்குப் போற போக்கில் சொல்லிட்டு வந்துட்டேன். அவங்களுக்கு ஒரு முழு எபிசோட் வேணும். அடுத்த வாரம் அதைப் பேசலாம்.